தொட்டாலே அரிக்கிறது என்று பிள்ளை சொன்னால் நம்புங்கள்

கேள்வி: தங்கச்சிமடம் பக்கம் இருக்கிறோம். மகளுக்குப் பத்து வயது. கைக்குழந்தையிலேயே கரப்பான் வந்தது. முழங்கை மடிப்பு, முழங்கால் மடிப்பு, பிடரி எல்லாம் கறுத்துத் தடித்துக் கிடக்கிறது. இப்போது கொஞ்ச காலமாகப் புதிதாக ஒன்று. சட்டை லேசாக உரசினாலும், சடை நுனி கழுத்தில் பட்டாலும், தூங்க வைக்க நான் முதுகைத் தடவிக் கொடுத்தாலும் "ஊறுதும்மா, ஊறுது" என்று துடிக்கிறாள். இறுக்கிக் கட்டிப்பிடித்தால் ஒன்றும் சொல்வதில்லை. மாமியார் இதை நடிப்பு என்கிறார்; தொட்டாச்சிணுங்கி என்று கூப்பிடவும் ஆரம்பித்துவிட்டார். இது துணி அலர்ஜியா? அரிப்பு மாத்திரை கேட்கவில்லை. மீன், கருவாட்டை நிறுத்தச் சொல்கிறார்கள், நிறுத்தவா?

பதில்:

அம்மா, முதலில் உங்கள் மாமியாருக்கான பதில். பிள்ளை நடிக்கவில்லை. அதற்கு நீங்கள் எழுதிய ஒரு வரியே சாட்சி. லேசாகத் தொட்டால் துடிக்கிறாள், இறுக்கிப் பிடித்தால் பேசாமல் இருக்கிறாள். நடிக்கிற பிள்ளைக்கு இந்த வித்தியாசத்தை இவ்வளவு சரியாகக் காட்டத் தெரியாது. மற்றவர்களுக்கு வெறும் தொடுதலாகத் தெரிவது எக்ஸிமா, அதாவது நீங்கள் சொல்லும் கரப்பான், உள்ளவர்கள் பலருக்கு அரிப்பாகத் தெரியும். அதிலும் மெல்லிய, நகர்ந்துகொண்டே போகும் தொடுதல்தான் அவர்களை அதிகம் படுத்தும். மருத்துவத்தில் இதை அலோக்னீசிஸ் என்பார்கள். அந்தப் பெயரை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. பெயர் வைத்து ஆராயும் அளவுக்குத் தெரிந்த தொல்லை இது என்பதை மட்டும் வீட்டில் சொல்லுங்கள்.

இந்தக் கரையோரத்துப் பிள்ளைகளின் தோலைத்தான் நான் நாள்தோறும் பார்க்கிறேன். பெற்றோருக்குச் சந்தேகம் இருந்தால் ஒரு சின்னச் சோதனை செய்து காட்டுவேன். கொஞ்சம் பஞ்சை எடுத்து நுனியைக் கூராகத் திரித்துக்கொள்வேன். பிள்ளையைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, மணிக்கட்டுப் பக்கம் நன்றாக இருக்கும் தோலில் தொடங்கி, முழங்கை மடிப்பில் இருக்கும் தடிப்பை நோக்கி அந்த நுனியை மெதுவாக இழுத்துக்கொண்டு போவேன். "ஊறினதும் சொல்லு" என்பதுதான் பேச்சு. தடிப்புக்கு இரண்டு மூன்று விரற்கடை தூரம் இருக்கும்போதே தோள் குலுங்கும், மற்றக் கை தானாக அங்கே வந்துவிடும். அந்த இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி. பிறகு மேலிருந்து, இடமிருந்து, வலமிருந்து இதையே செய்து புள்ளிகளைச் சேர்த்தால், கண்ணுக்குத் தெரியும் தடிப்பைச் சுற்றி அதைவிடப் பெரிய ஒரு வட்டம் கிடைக்கும். அந்த வட்டத்துக்குள் இருக்கும் தோல் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். அதே இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினால் பிள்ளை சும்மா இருக்கும். கூட வந்த பெரியவர்கள் இதைப் பார்த்த பிறகு நடிப்பு என்ற பேச்சை எடுப்பதில்லை. நீங்களும் மாமியார் பக்கத்தில் இருக்கும்போது ஒரே ஒரு முறை செய்து காட்டலாம். ஒவ்வொரு இழுப்பும் அவளுக்கு வேதனை என்பதால் திரும்பத் திரும்ப வேண்டாம்.

தொட்டால் அரிப்பது நம் எல்லோருடைய உடம்பிலும் இருக்கிற ஏற்பாடுதான். கருவாடு காயப்போட்ட களத்தில் உட்கார்ந்து பாருங்கள். கையில் ஈ வந்து உட்கார்ந்து நாலடி நடந்தால், பார்க்காமலே மற்றக் கை போய்த் தட்டிவிடும். கடிக்கிற பூச்சி, ஒட்டுகிற உண்ணி இவற்றைக் கடிபடுமுன் தட்டிவிட உடம்பு வைத்திருக்கும் காவல் அது. தோலில் இருக்கும் பூனைமுடி அசைந்தாலே அந்தக் காவல் விழித்துக்கொள்ளும். ஆனால் உடுத்திய துணியும் நாள் முழுக்க அதே பூனைமுடியை அசைத்துக்கொண்டுதானே இருக்கிறது? அதற்கெல்லாம் நமக்கு அரிப்பதில்லை. "இது பூச்சி இல்லை, துணி" என்று அடக்கி வைக்க நரம்பு மண்டலத்துக்குள் வழி இருக்கிறது. உங்கள் மகளுக்கு அந்த அடக்கம் தளர்ந்திருக்கிறது.

அது எங்கே தளர்கிறது என்பதைக் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில்தான் ஓரளவு பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். 2015-இல் அமெரிக்காவின் சால்க் ஆய்வு நிலையத்தில் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். தண்டுவடத்தில் ஒரு குறிப்பிட்ட வகை நரம்பணுக்கள் லேசான தொடுதல் அரிப்பாக மாறாமல் தடுத்து வைத்திருக்கின்றன. கண்மாய் மடையில் பலகை போட்டுத் தண்ணீரைத் தடுப்பது போன்ற வேலை அது. அந்த அணுக்களை எடுத்துவிட்டதும், மெல்லிய தொடுதலுக்கே எலிகள் ஓயாமல் சொறிந்தன. ரசாயனத்தால் வரும் அரிப்பில் மாற்றமே இல்லை. தொடு அரிப்புக்குத் தனி வழி உண்டு என்பது அதில்தான் தெளிவாகத் தெரிந்தது. 2018-இல் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இன்னொன்று கண்டார்கள். தோலின் மேலடுக்கில் மெர்க்கல் அணுக்கள் என்று தொடுதலை உணரும் அணுக்கள் இருக்கின்றன. பியசோ-2 என்ற புரதத்தின் வழியாக அவை தொடுதலை நரம்புக்குச் சொல்கின்றன. எலிகளுக்கு வயதானபோதும், தோல் வறண்டபோதும் இந்த அணுக்கள் குறைந்தன. குறையக் குறையத் தொட்டால் அரிக்கும் தொல்லை கூடியது. அதாவது, "இது சாதாரணத் தொடுதல்" என்று தண்டுவடத்துக்குச் சொல்லும் செய்தி குறைந்தபோது அரிப்பு கட்டவிழ்ந்தது. இந்த பியசோ புரதங்களைக் கண்டுபிடித்த ஆர்டெம் படபூடியனுக்குத்தான் 2021-இல் மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இவை எலிகளில் கண்டவை. மனிதர்களில் எல்லாம் அப்படியே நடக்கிறது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த வறண்ட தோல் விஷயத்தைக் கவனியுங்கள், அது நமக்கு வேண்டியது.

எக்ஸிமா உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்குத் தோலின் மேலோட்டைக் கட்டும் ஃபிலாக்ரின் என்ற புரதம் பிறவியிலேயே குறைவு. 2006-இல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் அதைக் கண்டுபிடித்தார்கள். மேலோடு சரியில்லாத தோலில் ஈரம் நிற்காது. சோப்பும் தூசியும் கிருமியும் எளிதில் உள்ளே போகும். உடனே உடம்பின் எதிர்ப்புப் படை கிளம்பி இன்டர்லூக்கின்-4, 13, 31 போன்ற, அணுக்களுக்குள் செய்தி சொல்லும் புரதங்களைச் சுரக்கும். இவை நரம்பு நுனிகளையே நேராகத் தட்டி எழுப்புபவை. தட்டி எழுப்பிய நரம்பு கொஞ்சம் தொட்டாலும் கத்தும். அதனால் சொறிவோம், சொறிந்தால் மேலோடு இன்னும் கிழியும், மறுபடியும் முதலிலிருந்து.

உங்கள் மாத்திரை கேட்காததற்குக் காரணமும் இதுதான். மருந்துக்கடையில் அரிப்புக்கு என்று கொடுக்கும் செட்ரிசின் போன்றவை ஹிஸ்டமின் என்று உடம்பு சுரக்கும் ஒரு ரசாயனத்தை அடக்குபவை. திடீரென்று தடித்துத் தடித்து எழும் அரிப்புக்கு அவை நல்ல மருந்து. எக்ஸிமா அரிப்பைக் கிளப்புவது பெரும்பாலும் ஹிஸ்டமின் இல்லை. தூக்கம் வரவைக்கும் பழைய வகை மாத்திரையைப் போட்டால் பிள்ளை தூங்கிப்போகும், அரிப்பு அப்படியே இருக்கும். பள்ளிக்கூடத்தில் மந்தமாக உட்கார்ந்திருப்பதுதான் மிச்சம்.

துணி அலர்ஜியா என்று கேட்டீர்கள். இல்லை என்றே நினைக்கிறேன். அலர்ஜி என்றால், ஒரு குறிப்பிட்ட பொருள் பட்ட இடத்தில், பட்டு ஒன்றிரண்டு நாளில் சிவந்து கொப்புளிக்கும். தோட்டுக்குக் கீழே காது மடல், ஊக்கு குத்திய இடம், கால்சட்டைப் பொத்தான் படும் தொப்புளடி என்று அந்தப் பொருளின் அடையாளமே தோலில் தெரியும். அப்படியிருந்தால் முதுகில் ஒட்டுப் போட்டுப் பார்க்கும் சோதனை உண்டு, செய்யலாம். உங்கள் மகளுக்குச் சட்டையும் அரிக்கிறது, முடியும் அரிக்கிறது, அம்மாவின் விரலும் அரிக்கிறது. அம்மாவின் விரலுக்கு அலர்ஜி என்று ஒன்று கிடையாது. கம்பளி எக்ஸிமாக்காரர்களுக்கு ஆகாது என்று சொல்வார்கள் அல்லவா? அதிலும் பெரும்பாலும் அலர்ஜி கிடையாது. தடித்த கம்பளி இழையின் முனைகள் வளையாமல் தோலைக் குத்துவதுதான் காரணம். நம் ஊரில் கம்பளி ஏது, அதே வேலையை இங்கே கஞ்சி போட்ட பாவாடை செய்யும், ஜரிகை செய்யும், சட்டைக் காலரில் தைத்த லேபிள் செய்யும், கயிற்றுக் கட்டில் செய்யும், கோரைப் பாயின் பிசிறு செய்யும்.

இந்தக் கரைக்கென்று சில தொல்லைகள் உண்டு. ஆடி மாதக் கச்சான் காற்றில் பாம்பன், தனுஷ்கோடிப் பக்கம் மணல் பறந்து வந்து உடம்பில் அடிக்கும். மணல் துணுக்கு வியர்வையில் ஒட்டிக்கொண்டு நகரும்போது அது தொடு அரிப்புக்கென்றே செய்தது போல இருக்கும். அதே காற்றில் தொளதொளவென்ற சட்டை படபடத்து முதுகை வருடிக்கொண்டே இருக்கும். எக்ஸிமாவுக்குத் தளர்வான பருத்தித் துணி என்று எல்லோரும் சொல்கிறார்கள். பாதி சரி. காற்றில் ஆடும் தளர்வான துணி இந்தப் பிள்ளைகளுக்கு ஆவதில்லை. உடம்போடு ஒட்டி, நகராமல் இருக்கும் மெல்லிய பருத்திப் பனியன் உள்ளே. அதற்கு மேல் எதை வேண்டுமானாலும் போடட்டும். பனியன் பழையதாக இருந்தால் இன்னும் நல்லது. தையல் மடிப்பு வெளியே வரும்படி திருப்பிப் போட்டுவிடுங்கள். நனைந்தால் மாற்ற இன்னொன்று பள்ளிக்கூடப் பையில் இருக்கட்டும், ஏனென்றால் வியர்வை காயும்போது அரிப்பு கூடும்.

அடுத்தது தண்ணீர். ஆழ்துளைக் கிணற்றில் வரும் உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. நுரைக்கவில்லை என்று இன்னும் கொஞ்சம் சோப்பைத் தேய்ப்போம். கெடுதல் அங்கேதான். இப்படி நுரைக்காத கடினத் தண்ணீரில் கழுவினால் சோப்பின் ரசாயனம் தோலில் அதிகமாகத் தங்கிவிடுகிறது என்று ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். ஃபிலாக்ரின் குறைந்த தோலை அது இன்னும் அதிகமாக எரிச்சல்படுத்துகிறது. அதற்காகத் தண்ணீரை மென்மையாக்கும் இயந்திரம் வாங்கக் கடன்பட வேண்டாம். இங்கிலாந்தில் 336 பிள்ளைகளின் வீடுகளில் அந்த இயந்திரத்தை வைத்துப் பார்த்து 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான சிகிச்சையைவிடக் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. குறைக்க வேண்டியது சோப்பைத்தான். அக்குள், தொடை இடுக்கு, பாதம் இவற்றுக்கு மட்டும் மணமில்லாத மென்மையான சோப்பு போதும். மற்ற இடத்துக்கு வெறும் தண்ணீர். ஐந்து பத்து நிமிடத்துக்குள் குளியலை முடித்து, கடைசி இரண்டு சொம்பு மட்டும் காவிரிக் குழாய்த் தண்ணீராக ஊற்றுங்கள். இந்தக் கடைசிச் சொம்பு யோசனைக்குப் பின்னால் ஆராய்ச்சி எதுவும் இல்லை. என் அனுபவத்தில் பிள்ளைகளுக்கு இதமாக இருக்கிறது, அவ்வளவுதான். துணி துவைக்கும்போதும் ஒரு முறை கூடுதலாக அலசுங்கள். துவட்டும்போது துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.

கடலில் குளிக்கலாமா என்றும் பலர் கேட்பார்கள். தோல் கிழிந்து புண்ணாக இல்லாவிட்டால் குளிக்கட்டும். கரையேறியதும் நல்ல தண்ணீரில் அலசி, ஈரத்தோடே எண்ணெய் பூசிவிடுங்கள். ஈர உடையோடும் மணலோடும் வெயிலில் விளையாடவிடுவதுதான் கூடாது.

இனி நான் மிகவும் முக்கியம் என்று நினைப்பதைச் சொல்கிறேன். நீங்கள் தொடும் விதத்தை இன்று இரவே மாற்றலாம், காசு செலவில்லை.

பிள்ளை அரிக்கிறது என்று அழுதால் நம் வீடுகளில் என்ன செய்வோம்? சொறியாதே என்று சொல்லிவிட்டு, அந்த இடத்தை விரல் நுனியால் மெல்ல வருடிக் கொடுப்போம். ஆச்சிமார் வேப்பங்கொத்தை எடுத்து மேலே மேலே வருடிவிடுவார்கள். அம்மை போட்ட காலத்திலிருந்து வந்த பழக்கம் அது. அன்பினால் செய்வது, ஆனால் உங்கள் மகளின் தோலுக்கு வேப்பிலையின் நுனி நூறு ஈக்கள் நடந்து போவதாகவே தெரியும். வருடுவதை வீட்டில் எல்லோரும் நிறுத்துங்கள். அதற்குப் பதிலாக உள்ளங்கை முழுவதையும் தோலில் பதித்து, நகர்த்தாமல், நன்றாக அழுத்திப் பிடியுங்கள். மூச்சை இரண்டு மூன்று முறை இழுத்துவிடும் நேரம். அந்த உள்ளங்கைக்கு அடியில் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த பழைய வேட்டித் துணி இருந்தால் இன்னும் நல்லது; குளிர்ச்சி அரிப்பை அடக்கும். தூங்க வைக்கும்போது முதுகைத் தடவாதீர்கள், ஒரே இடத்தில் கனமாகத் தட்டிக் கொடுங்கள். அவளே கட்டிப்பிடிக்கக் கேட்டால் இறுக்கமாகக் கட்டிப்பிடியுங்கள். இந்தப் பிள்ளைகளில் சிலர் தொட வந்தாலே விலகிப் போவார்கள். அம்மாவைப் பிடிக்கவில்லை என்று அர்த்தமே இல்லை. எப்படித் தொட்டால் அவளுக்கு இதம் என்று அவளிடமே கேளுங்கள், பத்து வயதுப் பிள்ளை தெளிவாகச் சொல்லும்.

எண்ணெய் பூசுவதிலும் இது உண்டு. தேய்த்துத் தேய்த்து ஊறவைப்பது வேண்டாம். குளித்துத் துவட்டிய சில நிமிடங்களுக்குள், தோலில் ஈரம் இருக்கும்போதே, எண்ணெயையோ களிம்பையோ உங்கள் இரண்டு உள்ளங்கைகளிலும் பரப்பிக்கொண்டு, கையை அழுத்தமாக வைத்து முடி சாயும் திசையில் மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. குறுக்கே, சுற்றிச் சுற்றி, எதிர்த்திசையில் என்று தேய்த்தால் பூனைமுடி எல்லாம் நிமிர்ந்து ஆடும், அரிப்பு வரும். உடம்பு முழுக்கப் பூசுங்கள், தடிப்பில் மட்டும் போதாது. அந்தப் பேனா வட்டம் ஞாபகம் இருக்கிறதா, நன்றாகத் தெரியும் தோலும் நன்றாக இல்லை. எதைப் பூசுவது? மணம் சேர்க்காத வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி மலிவு, நல்லது. வெயில் காலத்தில் அது பிசுபிசுக்கிறது என்றால் சுத்தமான தேங்காய் எண்ணெய். பிலிப்பைன்ஸில் எக்ஸிமா உள்ள பிள்ளைகளுக்குப் பூசிப் பார்த்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில், கனிம எண்ணெயைவிட வர்ஜின் தேங்காயெண்ணெய் நன்றாக வேலை செய்தது. வர்ஜின் என்றால் பச்சைத் தேங்காயிலிருந்து, ரசாயனத்தால் சுத்திகரிக்காமல் எடுத்தது. ஆலிவ் எண்ணெயைத் தவிர்த்துவிடுங்கள், அது தோலின் மேலோட்டைக் கெடுக்கிறது. அளவில் தாராளம் வேண்டும். பிள்ளைகளுக்கு வாரத்துக்கு 250 முதல் 500 கிராம் வரை ஆகலாம். சின்ன டப்பா ஒன்று மூன்று மாதம் வருகிறது என்றால் பூசவே இல்லை என்று அர்த்தம்.

பள்ளிக்கூடத்துக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரட்டைச் சடையை மடித்து ரிப்பனால் தூக்கிக் கட்டிவிடுங்கள், நுனி பிடரியில் படாமல். அடையாள அட்டைக் கயிறு கழுத்தில் உரசும். சட்டைப் பையில் ஊக்கால் குத்திக்கொள்ள அனுமதி கேளுங்கள். பாலியெஸ்டர் சீருடைக்கு அடியில் பனியன். பெஞ்சில் ஓரத்து இடம் கிடைத்தால் ஒரு பக்கமாவது பக்கத்துப் பிள்ளையின் முழங்கை இடிக்காது. வகுப்பு ஆசிரியையிடம் நேரில் போய், இது ஒட்டுவாரொட்டி இல்லை, சேட்டையும் இல்லை என்று சொல்லிவிட்டு வாருங்கள். "சொறியாதே" என்று ஒரு நாளைக்கு நூறு முறை கேட்கும் பிள்ளை மறைந்து நின்று சொறியும். கையை மூடி இறுக்கிப் பிடித்துக்கொள், அல்லது அந்த இடத்தை அழுத்து என்று செய்ய ஒரு காரியம் கொடுத்தால் செய்யும். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

ஆனால் இவை எல்லாம் அன்றாடத்தைச் சமாளிக்கும் வழி மட்டும்தான். நரம்பைத் தூண்டிக்கொண்டிருக்கும் அழற்சி தணியாமல் தொடு அரிப்பு போகாது. அதற்கு மருந்து வேண்டும். ஸ்டீராய்டு களிம்பு என்றதும் பயப்படுகிறார்கள். பயந்து பயந்து பொட்டு வைப்பது போலப் பூசி, இரண்டு நாளில் நிறுத்தி, மறுபடியும் கிளம்பி, இப்படியே வருடக்கணக்கில் இழுக்கிறது. மருத்துவர் இடத்துக்கு ஏற்ற வீரியத்தைத் தருவார்: முகம், கழுத்துக்கு மென்மையானது, தடித்த மடிப்புக்குக் கொஞ்சம் வலுவானது. அளவு இப்படி: பெரியவர்களின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். அது விரல்களோடு சேர்த்து உங்கள் இரண்டு உள்ளங்கை அளவுத் தோலுக்குப் போதும். சிவப்பு மறைந்ததும் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். பார்வைக்குச் சரியான தோலில் அழற்சி மிச்சம் இருக்கும். வழக்கமாகக் கிளம்பும் இடங்களில் மட்டும் வாரம் இரண்டு நாள் பூசி வரும் முறை ஒன்று உண்டு. மறுபடி வராமல் தடுப்பதில் நன்றாக நிரூபணமானது. அது உங்கள் பிள்ளைக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கழுத்துக்கு டாக்ரோலிமஸ் களிம்பும் இருக்கிறது, அதில் ஸ்டீராய்டு இல்லை. முதல் சில நாள் எரியும், பிறகு எரிச்சல் அடங்கும்.

ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, கிருமி மருந்து எல்லாம் ஒன்றாகக் கலந்த களிம்பைச் சீட்டில்லாமல் கடையில் வாங்கிப் பூசுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். அதில் பெரும்பாலும் மிக வீரியமான ஸ்டீராய்டு இருக்கும். முதல் வாரம் மாயம் போலக் கேட்கும். பிறகு தோல் மெலிந்து சுருங்கும். அது உண்மையில் படர்தாமரையாக இருந்தால் உடம்பெல்லாம் பரவி, குணமாக்க மாதக்கணக்காகும். இந்த மாவட்டத்தில் நான் பார்க்கும் தோல் சேதங்களில் எனக்கு மிகவும் மனவேதனை தருவது இதுதான், ஏனென்றால் இது தானாக வந்த நோய் இல்லை.

களிம்பில் அடங்காத கடுமையான நிலைக்கு, நான் மேலே சொன்ன இன்டர்லூக்கின் வழிகளையே அடைக்கும் மருந்துகள் வந்துவிட்டன. டுபிலுமாப் ஊசி 4-ஐயும் 13-ஐயும் ஒன்றாகத் தடுக்கும். அமெரிக்காவில் 2017-இல் பெரியவர்களுக்கு அனுமதி கிடைத்தது, பின்னர் குழந்தைகளுக்கும். விலைதான் நம்மில் பெரும்பாலோருக்கு எட்டாதது. அப்ரோசிட்டினிப், உபாடாசிட்டினிப் போன்ற மாத்திரைகள் சில நாட்களிலேயே அரிப்பைக் குறைப்பவை. அவை பன்னிரண்டு வயதுக்கு மேல்தான், ரத்தப் பரிசோதனையோடு, நிபுணர் கண்காணிப்பில். உங்கள் மகளுக்கு இப்போது அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது என்றே தோன்றுகிறது. களிம்பை முறையாகப் பூசிய காலம் இன்னும் வரவில்லை.

மீனுக்கு வருவோம். கரப்பான் பண்டம் என்று கருவாடு, இறால், நண்டு, கத்தரிக்காய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்ட பிள்ளைகள் எலும்பும் தோலுமாக வருவதைப் பார்க்கிறேன். கடலோரக் குடும்பத்தில் மீனை நிறுத்தினால் பிள்ளைக்குப் புரதம் எங்கிருந்து வரும்? தொடு அரிப்புக்கு மீன் காரணமில்லை. எக்ஸிமாவோடு உணவு அலர்ஜி சேர்ந்து வருவது உண்டு, முக்கியமாகச் சின்னக் குழந்தைகளுக்கு. அப்படியிருந்தால் அந்த உணவைத் தின்ற சிறிது நேரத்திலேயே உதடு வீங்கும், உடம்பில் தடிப்பு எழும், வாந்தி வரும், மூச்சு இழுக்கும். இறால் தின்று உங்கள் மகளுக்கு அப்படி நடந்ததுண்டா? நடந்திருந்தால் இறாலை மட்டும் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். இல்லையென்றால் அவள் தட்டில் மீன் இருக்கட்டும்.

இது பிள்ளைகளுக்கு மட்டும் வருவதும் இல்லை. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பாசிக்குப் போகும் பெண்களில் கை எக்ஸிமா உள்ளவர்களிடம் இதே பேச்சைக் கேட்டிருக்கிறேன். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு மணிக்கணக்கில் உப்புத் தண்ணீரில் மரிக்கொழுந்துப் பாசி பறிப்பவர்கள். கரையேறி, கை காய்ந்த பிறகு, சேலைத் தலைப்பு புறங்கையில் பட்டாலே நமநமவென்று அரிக்கிறது என்பார்கள். அவர்களுக்கும் வழி ஒன்றுதான்: போகும் முன் கையில் கனமாக ஜெல்லி, வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி மறுபடியும் ஜெல்லி, இரவில் மருந்தும் அதன் மேல் பருத்திக் கையுறையும். சுற்றும் துணி தினமும் துவைத்துக் காய்ந்ததாக இருக்க வேண்டும்.

நீங்கள் சொல்லாத ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு இருக்கிறதா? இரவில் அதிகமாகிறதா? விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பில் சின்னச் சின்னப் பொரி இருக்கிறதா? இருந்தால் அது சிரங்குப் பூச்சியாக இருக்கலாம். எக்ஸிமாவோடு அதுவும் சேர்ந்திருக்கலாம். அதற்கு வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் பெர்மெத்ரின் பூசிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஒருவருக்கொருவர் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருப்பீர்கள்.

எக்ஸிமாவில் மஞ்சளாகப் பொருக்கு கட்டி நீர் வடிந்தால் கிருமி ஏறியிருக்கிறது, ஓரிரு நாளுக்குள் காட்டுங்கள். காய்ச்சலோடு, துளைத்தது போலச் சின்னச் சின்ன வட்டப் புண்கள் கொத்தாக வந்து வலித்தால் அன்றைக்கே போங்கள். அது அக்கி வகைக் கிருமி எக்ஸிமாத் தோலில் பரவுவது, தள்ளிப்போடக் கூடாது.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளர எக்ஸிமா குறைகிறது. சிலருக்குத் தொடரும். இவளுக்கு எப்படி என்று இப்போதே சொல்ல யாராலும் முடியாது. ஆனால் அழற்சி நன்றாக அடங்கியவர்களிடம் அந்தப் பேனா வட்டம் சுருங்கி வருவதைப் பார்க்கிறேன். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவில் காட்டலாம், அல்லது உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் தோல் மருத்துவரிடம். போகும்போது இதுவரை பூசிய எல்லாக் களிம்புக் குழாய்களையும், காலியானதாக இருந்தாலும், ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். லேசாகத் தொட்டால் அரிக்கிறது, அழுத்தினால் அரிக்கவில்லை என்ற வரியை எனக்கு எழுதியது போலவே அங்கேயும் சொல்லுங்கள். மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.